அந்தியைத் தின்ற செவலை

தாராபுரம் வரைக்குமா? நல்லது, நாங்களும் அங்கேதான். ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள். எனக்கு மடியில் இந்தப் பையை வைத்துக்கொள்ள இடம் இருந்தால் போதும். அதோ, டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் என் வீட்டுக்காரர்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டீர்கள், இல்லையா? கேட்கவில்லையா? பரவாயில்லை, கேட்க நினைத்திருப்பீர்கள். இந்த நடுவிரலைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்பார்கள். நுனி காய்த்துப் போயிருக்கிறது பாருங்கள். ஊசியைத் தள்ளித் தள்ளி வந்தது.

டெய்லர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அலட்டிக்கொள்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆரம்பத்தில் யாராவது கேட்டால் அடக்கமாக, "துணியில கொஞ்சம் வேலை செய்வேனுங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் வாசலில் நாலு பேர் ஜாக்கெட் துணியோடு நிற்பார்கள். புடவைக்கு ஃபால்ஸ் தைக்க வேண்டும் என்று ஒருத்தி. தலையணை உறை வேண்டும் என்று ஒருத்தி. சரி, இது சரிப்படாது என்று, "நான் துணிக் கலைஞர்" என்று சொல்லிப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர், "அப்படீங்களா, லுங்கி மொத்த விலைக்குக் கிடைக்குமுங்களா?" என்றார்.

பிறகு யோசித்து யோசித்து ஒரு வாக்கியம் செய்தேன். "துணி பேசுகிறது, நான் கேட்கிறேன்." நன்றாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் பிடித்திருந்தது. ஒரு வாரம் அதையே சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை பக்கத்துத் தெருவிலிருந்து ஓர் அம்மா தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், கற்பூரம் எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு வந்து, "எம் பொண்ணுக்குக் கல்யாணம் எப்பக் கூடும்னு துணிகிட்டக் கேட்டுச் சொல்லுங்கம்மிணி" என்று உட்கார்ந்துவிட்டார். துணி அப்படியெல்லாம் பேசாது என்று புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் ஆவணிக்கு மேல் கூடும் என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

அதற்கப்புறம் ஒரு முடிவுக்கு வந்தேன். என் படைப்பைப் பற்றிச் சொல்லும்போது எதில் செய்தது, எப்படிச் செய்தது என்பதை மட்டும் வாயைத் திறந்து சொல்லக்கூடாது. அதெல்லாம் சமையல்காரர்கள் சொல்கிற விஷயம். ரசத்தில் என்ன போட்டிருக்கிறது என்று சொல்லலாம், அந்தியில் என்ன போட்டிருக்கிறது என்று சொல்ல முடியுமா?

'அந்தி' என்பது என் படைப்பின் பெயர். அதைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். அதை ஒரு மாடு தின்றுவிட்டது.

சிரிக்காதீர்கள். நீங்கள் சிரிக்கவில்லை, சரி. முன்சீட்டு அம்மா சிரித்தார்.

என் தங்கை தேன்மொழி பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் வீடு கட்டினாள். பெரிய கூடம். கூடத்தின் தெற்குச் சுவர் முழுக்க வெறுமையாக இருந்தது. அந்தச் சுவருக்காக நான் எட்டு மாதம் உழைத்துச் செய்ததுதான் 'அந்தி'. உயரம் என் உயரம், அகலம் இரண்டு கை விரித்த அகலம். மேலே மஞ்சள், போகப் போகச் செம்மை, கீழே கருப்பு. எல்லாம் துண்டு துண்டாக இணைத்தது. தேன்மொழி அதைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான்க்கா இருக்குது" என்றாள். அந்தத் 'தான்' எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் கூடப்பிறந்தவள்.

பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் சாயங்காலமே நாங்கள் போய்விட்டோம். இவர் ஆணி அடித்தார், நான் மாட்டினேன். என் படைப்புகளை நான் எப்போதும் தாழ்வாகத்தான் மாட்டுவேன். அண்ணாந்து பார்ப்பது சுலபம், யார் வேண்டுமானாலும் பார்ப்பார்கள். குனிந்து பார்க்க வேண்டும். அப்போதுதான் பார்க்கிறவர்களுக்குப் பணிவு வரும்.

தேன்மொழி சொன்னாள், "அக்கா, இது ரொம்பக் கீழ கிடக்குதே. காலையில மாட்டைக் கூட்டியாருவாங்க. பூசை முடிஞ்சப்புறம் மாட்டிக்கலாமே."

"மாட்டுக்கு முன்னாடி கலை இருக்கணும் தேனு," என்றேன்.

அவள் தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் சுத்தியலைப் பார்த்தார்.

விடிய ஒரு நாழிகை இருக்கும்போதே எல்லோரும் பந்தலில் கூடிவிட்டார்கள். மாடு நுழையும் முன் யாரும் வீட்டுக்குள் போகக்கூடாது என்பது முறை. அதுவும் ஒரு வகையில் நல்லதுதான். வந்தவர்களுக்கெல்லாம் பந்தலிலேயே வைத்து 'அந்தி'யைப் பற்றிச் சொல்லிவிட்டேன். முதலில் விளக்கம், பிறகு பார்வை. காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்ததால் யாரும் எழுந்து போகவும் இல்லை.

என்ன சொன்னேன் என்றால், இது பகலும் இரவும் ஒன்றையொன்று மன்னிக்கிற நேரம் என்று சொன்னேன். ஒவ்வொரு துண்டும் ஒரு நினைவு என்று சொன்னேன். முக்கியமாக, என் படைப்புகள் எதுவும் முடிவதில்லை என்று சொன்னேன். அதற்கு அடையாளமாக, கடைசித் தையல் போட்ட ஊசியை நான் எடுப்பதே இல்லை. கீழே வலது மூலையில், நூலோடு அப்படியே குத்தி விட்டுவிடுவேன். மற்றவர்கள் கையெழுத்துப் போடுகிற இடத்தில் எனக்கு ஊசி. இதுவரை நான் செய்த எல்லாவற்றிலும் ஊசி உண்டு. யார் வீட்டுச் சுவரில் தொங்கினாலும் அது இன்னும் நடந்துகொண்டிருக்கிற வேலை. உயிரோடு இருக்கிற வேலை.

தேன்மொழியின் மாமியார் நாச்சியம்மாள் என் எதிரிலேயே உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். அந்த அம்மாளுக்கு அபாரமான ஞாபகசக்தி. பின்னால் தெரிந்தது.

அப்போது ஆறுச்சாமி மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். செவலை மாடு, நெற்றியில் மஞ்சள் குங்குமம், கழுத்தில் மாலை, பின்னாலேயே கன்றுக்குட்டி. அந்த வட்டாரத்தில் எந்தப் புதுவீடு என்றாலும் ஆறுச்சாமியின் செவலைதான் முதலில் நுழையும். சில மாடுகள் படியைக் கண்டால் மிரளும், டைல்ஸைக் கண்டால் வழுக்கும், இது அப்படியில்லை. "எத்தனை வீடு பார்த்த மாடுங்க," என்று ஆறுச்சாமி தட்டிக்கொடுத்தார். அவருக்கு இருப்பது அந்த ஒரு மாடுதான். பாலும் அதிலிருந்து, மரியாதையும் அதிலிருந்து.

ஐயர் மந்திரம் சொல்ல, செவலை படியேறி உள்ளே போனது. நாங்கள் பின்னால் போனோம். கூடத்து நடுவில் போகவேண்டிய மாடு நேராகத் தெற்குச் சுவர் பக்கம் போய் நின்றுவிட்டது. நின்றது நின்றதுதான். அசையவில்லை.

"மாடு நின்னா மகாலட்சுமி நின்ன மாதிரி," என்றார் ஐயர். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு எல்லோரையும்விட அதிகச் சந்தோஷம். பின்னால் இருந்து பார்த்தால் மாட்டின் முதுகுதான் தெரிகிறது, தலை என் 'அந்தி'க்கு முன்னால் குனிந்திருக்கிறது. நான் நாச்சியம்மாளின் காதில் சொன்னேன், "பார்த்தீங்களா அத்தை, குனிஞ்சு பார்க்குது."

அதே சமயம் செவலை கூடத்தில் சாணம் போட்டது. அதற்கும் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என் படைப்புகளைப் பார்த்து யாரும் ஒருநாளும் அத்தனை சந்தோஷப்பட்டதில்லை.

பிறகு மாடு திரும்பியது. வாயோரத்தில் கருப்பு நூல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கடவாய் அசைந்துகொண்டிருந்தது. நான் சுவரைப் பார்த்தேன். 'அந்தி'யின் வலது மூலையைக் காணோம். ஒரு முழத்துக்கு மேல் போயிருந்தது. மாட்டின் வாயில் கடைசியாக ஒரு கருப்புத் துண்டு தெரிந்து, அதுவும் உள்ளே போனது.

நல்லவேளை, விருந்துக்கு வந்தவர்களில் கால்நடை டாக்டர் ஒருவர் இருந்தார். இளம்பரிதி என்று பெயர், சின்ன வயசு. தேன்மொழி வீட்டுக்காரரோடு படித்தவர். பந்தலில் முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தவரை இலையிலிருந்தே எழுப்பிக்கொண்டு வந்தார்கள். கையில் சட்னியோடு வந்தார்.

"என்னங்கம்மா தின்னுச்சு?" என்றார்.

"'அந்தி'," என்றேன்.

"அந்தின்னா?"

"பகலும் இரவும் ஒன்றையொன்று மன்னிக்கிற..."

"பருத்தியா, பாலியஸ்டரா?"

"ஒவ்வொன்றும் ஒரு நினைவு தம்பி."

"நினைவெல்லாம் மாட்டுக்குச் செரிச்சிருமுங்க. நைலான்தான் செரிக்காது. துணி என்ன துணி?"

எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆறுச்சாமி மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்னேன், "பருத்திங்க."

"எல்லாமே பருத்தியா?"

"எல்லாமே. நூலும் பருத்தி."

"நல்லது. சாயம்? கெமிக்கல் ஏதாச்சும்?"

நான் யாருக்கும் சொல்லாத விஷயம். சொல்ல வேண்டியதாகிவிட்டது. "மஞ்சளுக்கு மஞ்சள்தானுங்க. துணியை முதல்ல கடுக்காய்த் தண்ணியும் எருமைப்பாலும் கலந்து அதுல ஊறவெச்சு எடுக்கணும், அப்பத்தான் நிறம் பரவாது. கருப்புக்குப் பழைய இரும்பைக் கருப்பட்டித் தண்ணியில போட்டுப் புளிக்க வெப்பேன். இரும்பை எடுத்துருவேனுங்க, தண்ணி மட்டுந்தான். கடைசியா விறைப்பா நிக்கறதுக்குக் கெட்டியா அரிசிக்கஞ்சி."

ஆறுச்சாமிதான் மெதுவாகச் சொன்னார், "ஏனுங்கம்மிணி, மஞ்சள், பாலு, கருப்பட்டி, அரிசிக்கஞ்சி. நாங்க மாட்டுப் பொங்கலுக்குக்கூட இத்தனை வெக்கறதில்லீங்களே. வாய்க்கு நேரா இதைத் தொங்கவிட்டா அது என்னங்க பண்ணும்?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கவனித்தேன், எல்லோரும் சுவர்ப் பக்கம் நகர்ந்து 'அந்தி'யைக் கிட்டப் போய்ப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி மஞ்சளைத் தொட்டுப் பார்த்தாள். ஒருவர் கருப்பை மோந்து பார்த்து, "ஆமாங்க, கருப்பட்டிதான்" என்றார். பந்தலில் மன்னிப்பைப் பற்றிச் சொன்னபோது கொட்டாவி விட்டவர் அவர்.

டாக்டர் மாட்டின் விலாவில் காது வைத்துக் கேட்டார். "பருத்தின்னா பயமில்லைங்க. ரெண்டு நாள் பார்த்துக்கலாம். ஒண்ணே ஒண்ணுதான். அதுல ஹூக்கு, பின்னு, கம்பி, இரும்புச் சாமான் எதுவும் இல்லையே?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நாச்சியம்மாள் சொல்லிவிட்டார். நான் பந்தலில் சொன்னதை அப்படியே, என் குரலிலேயே சொன்னார்: "கடைசித் தையல் போட்ட ஊசியை நான் எடுப்பதே இல்லை. கீழே வலது மூலையில், நூலோடு அப்படியே."

வலது மூலையைத்தான் மாடு தின்றிருந்தது.

டாக்டரின் முகம் மாறிவிட்டது. "ஊசிங்களா?" என்றார். பிறகு எல்லோருக்கும் விளங்குகிற மாதிரிச் சொன்னார். மாடு மெல்லாமல் விழுங்குகிற பிராணி. இரும்பு உள்ளே போனால் இரண்டாம் வயிற்றில் தங்கும். அந்த வயிறு சுருங்கிச் சுருங்கி வேலை செய்யும்போது ஊசி கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகரும். "மாட்டுக்கு ரெண்டாம் வயிறும் நெஞ்சும் பக்கத்துப் பக்கத்து வீடுங்க. நடுவுல ஒரு சுவர்தான்."

ஆறுச்சாமி தரையில் உட்கார்ந்துவிட்டார். கன்றுக்குட்டி போய் அவர் தோளை முகர்ந்தது.

வாய் வழியாக ஒரு காந்தம் போட வேண்டும், ஊசி அதில் ஒட்டிக்கொண்டு நகராமல் கிடக்கும், இல்லையென்றால் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். காந்தம் ஆஸ்பத்திரியில் இருந்தது. தேன்மொழியின் வீட்டுக்காரர் பட்டு வேட்டியோடு பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினார். ஐயர் அடுப்புப் பக்கம் நின்று, பால் காய்ச்சலாமா கூடாதா என்று யாரைக் கேட்பது என்று தெரியாமல் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தேன்மொழி என்னிடம் வந்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அக்கா, அந்த மாட்டுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா இந்த வீட்டுல நான் எப்படிக்கா குடியிருப்பேன்?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்கும் அழுகை வந்துவிட்டது. மாட்டைப் பார்த்தேன். அது பாவம், இன்னும் மூலை ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்திலும் எனக்குள் இருக்கிற கலைஞர் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓர் உயிருக்குள்ளே ஒரு படைப்பு தொடர்ந்து நடந்துகொண்டிருக்கிறது என்று தோன்றியது. அதை நான் வாய்விட்டும் சொன்னேன் போலிருக்கிறது. நாச்சியம்மாள் என்னைச் சமையலறைக்குள் போய் உட்காரச் சொன்னார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். அவ்வளவு நேரமும் பந்தலுக்குப் பின்னால் வாழையிலை கழுவிக்கொண்டிருந்திருக்கிறார். கை ஈரமாக இருந்தது. "என்னாச்சு, எல்லாரும் ஏன் இப்படி நிக்கறீங்க?" என்றார்.

"மாடு ஊசியை முழுங்கிருச்சுங்க அண்ணா," என்றார் ஆறுச்சாமி, தரையிலிருந்தே.

"எந்த ஊசி?"

"அம்மிணி வெச்ச ஊசி."

இவர் கையைத் துண்டில் துடைத்தார். பிறகு சட்டைக் காலரை மெதுவாகத் திருப்பினார். உள்பக்கத்தில் ஊசி ஒன்று குத்தியிருந்தது. ஊசியின் காதில் கருப்பு நூல்.

"அது உள்ள போகலீங்க," என்றார். "நேத்து ஆணி அடிச்சு முடிச்சதும் இதையும் நானே எடுத்துட்டேன்."

டாக்டர் ஊசியை வாங்கிப் பார்த்தார். என்னிடம் காட்டினார். என் ஊசிதான், என் நூல்தான். 'அந்தி'க்கு அந்த ஒரே ஊசிதான் பிடித்தேன். கூடம் முழுக்க மூச்சு விட்டது. ஆறுச்சாமி எழுந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. தேன்மொழி அழுதுகொண்டே சிரித்தாள். டாக்டர் மாட்டுக்குக் கொடுக்க எண்ணெய் எழுதிக் கொடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து சாப்பிடப் போனார். ஐயர் பாலைக் காய்ச்சினார், பால் நன்றாகப் பொங்கியது, எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

என்னைத் தவிர.

நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. நான் கவனித்தேன். "இதையும்" என்றார். இதையும் என்றால் வேறு எதை?

அவரைப் பந்தலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். மறைக்கவில்லை, சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் எடுத்திருக்கிறார். நான் செய்து கொடுத்த ஒவ்வொரு படைப்பிலும், ஒவ்வொரு வீட்டிலும், நான் காபி குடித்துக்கொண்டு படைப்பை விளக்கிச் சொல்கிற நேரத்தில் இவர் போய் ஊசியை உருவி, காலரில் குத்திக்கொண்டு வந்துவிடுவாராம். வீட்டில் ஒரு திருநீற்று டப்பா நிறைய வைத்திருக்கிறார்.

இவர் திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் இருந்தவர். வேலையே ஊசி பார்ப்பதுதான். தைத்த துணி எல்லாம் பெட்டிக்குள் போகும் முன் ஒரு மெஷினில் ஊர்ந்து போகும். துணியில் ஊசி முனை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மெஷின் கத்தும். ஓர் ஊசி உடைந்தால், உடைந்த எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை அந்த வரிசையில் யாரும் தைக்கக்கூடாது. தரையில் உட்கார்ந்து காந்தத்தை வைத்துத் தேடுவார்களாம்.

"ஊசியோட ஒரு துணி வெளியில போச்சுன்னா எனக்குத் தூக்கம் வராது அம்மிணி," என்றார்.

"அது பனியன். இது கலை," என்றேன்.

"குத்துனா ரெண்டும் ஒண்ணுதான்."

நீங்களே சொல்லுங்கள், இது எவ்வளவு பெரிய அநியாயம். ஊசி இருக்கிறவரைக்கும் வேலை முடியவில்லை என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். இவர் என் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றையும் முடித்துவைத்திருக்கிறார். என்னுடைய எல்லாப் படைப்புகளையும் இவர்தான் முடித்திருக்கிறார். நான் ஒன்றைக்கூட முடிக்கவில்லை.

மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் மாட்டைப் பற்றித்தான் கவலைப்படுகிறீர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. மறுநாளே நன்றாக அசைபோட்டதாம். மூன்றாம் நாள் ஆறுச்சாமி தேன்மொழி வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்: "சாணியில ஒரு துண்டு வந்துதுங்க. கழுவிப் பார்த்தேன். அந்தக் கருப்பு கொஞ்சங்கூட மங்கலீங்க. அம்மிணிகிட்டச் சொல்லிருங்க." இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி ஒருவர் பார்த்து, யோசித்து, நேரில் வந்து சொன்னது அது ஒன்றுதான். தேன்மொழிகூட, மிச்சமிருக்கிற 'அந்தி'யை இன்னும் ஒரு முழம் மேலே தூக்கி மாட்டிவிட்டாள். வருகிறவர்களுக்கெல்லாம் மஞ்சள், பால், கருப்பட்டி என்று அவளே எடுத்துச் சொல்கிறாளாம். மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை.

சரி, அது போகட்டும். இப்போது நான் எங்கே போகிறேன் என்று கேளுங்கள்.

ஊசி வைக்கப் போகிறேன். இதோ, பையில் புது ஊசிப் பாக்கெட். என் படைப்பு எங்கெங்கே தொங்குகிறதோ அங்கெல்லாம் போய், மூலையில் திரும்பவும் ஊசியைக் குத்தி, எல்லாவற்றையும் மறுபடி முடியாத வேலையாக்கிவிட்டு வரப் போகிறேன். போன வாரம் ஆரம்பித்தேன். இவரும் வருகிறேன் என்றார். முதலில் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. ஆனால், "தப்பு எம்மேலதான், பையையாவது தூக்கிக்கிட்டு வர்றேன்" என்றார். கேட்கவே மனசுக்கு நிறைவாக இருந்தது. மனிதர் திருந்திவிட்டார்.

என்ன, ஞாபகமறதிதான் அதிகமாகிவிட்டது. வயசு.

உடுமலையில் ஒரு பேங்க் மேனேஜர் வீடு. அவர் மனைவி, "குழந்தை தவழ்ற வீடுங்களே, ஊசி எதுக்குங்க?" என்று தயங்கினார். நான் உட்கார வைத்து முழுவதும் விளக்கிச் சொல்லி, ஊசியைக் குத்தி, காபி குடித்து, கிளம்பி, தெருமுனை வரை வந்துவிட்டோம். இவர், "அடடா, கண்ணாடிக் கூட்டை அங்கயே விட்டுட்டேன்" என்று திரும்பி ஓடினார். எடுத்துக்கொண்டு வரும்போது அந்தப் பெண் வாசல்வரை வந்து, "ரொம்ப நன்றிங்கண்ணா" என்று கையெடுத்துக் கும்பிடுகிறார். நானும் பின்னாலேயே போய் வாசலில்தான் நிற்கிறேன், எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய கண்ணாடிக் கூட்டை அவர் எடுத்துக்கொண்டதற்கு எதற்கு நன்றி? இந்தக் காலத்துப் பெண்களே எனக்குப் புரிவதில்லை.

குடிமங்கலத்தில் என் தோழி வீட்டில் குடையை விட்டுவிட்டார். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் அறையில் தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டார். ஒவ்வொரு இடத்திலும் நான் வெயிலில் தெருவில் நிற்கிறேன், இவர் உள்ளே போய் எடுத்துக்கொண்டு வருகிறார். இன்றைக்குப் பாருங்கள், கிளம்பும்போது குடை, துண்டு, கண்ணாடிக் கூடு, தண்ணீர் பாட்டில், போதாததற்கு ஒரு டார்ச் லைட். "பகல்ல டார்ச் எதுக்கு?" என்றால், "இருக்கட்டும் அம்மிணி" என்கிறார். மறக்கிறவர் எதற்கு இத்தனை சாமான் எடுத்துக்கொண்டு வர வேண்டும்?

தாராபுரத்தில் ஒரு பல் டாக்டர். குழந்தைகளுக்கு மட்டும் பார்க்கிறவர். காத்திருக்கிற அறையில், பெஞ்சுக்கு மேலே, சரியாகக் குழந்தைகள் கைக்கு எட்டுகிற உயரத்தில் என் 'ஆழி' தொங்குகிறது. அங்கேதான் இன்றைக்கு.

அதோ பைபாஸ் வந்துவிட்டது. நான் எழுந்து அவரை எழுப்புகிறேன். இல்லை, தூங்கவில்லை. அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார், தலையை இந்தப் பக்கமும் திருப்பாமல் அந்தப் பக்கமும் திருப்பாமல். கழுத்து வலியாம். உடுமலையில் ஆரம்பித்தது, வீட்டுக்கு வீடு கூடிக்கொண்டே வருகிறது. நான் தைலம் தேய்த்துவிடுகிறேன் என்றால் காலரில் கை வைக்கவே விடமாட்டேன் என்கிறார். உங்களுக்குத் தெரிந்த நல்ல வைத்தியர் யாராவது இருந்தால் சொல்லுங்களேன். எனக்கு இன்னும் நிறைய வீடு பாக்கி இருக்கிறது.